ஒதுங்க வேண்டிய பக்கம்

இன்று காலை பெருமுக்கல் மலையில் நான் உங்களைப் பார்த்துக் கத்தியது சிலருக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். அனுமந்தையிலிருந்து வந்திருக்கும் ஒரு தங்கை, முகத்தைத் திருப்பிக்கொண்டே டீ குடித்தாள். குடிக்கட்டும். நான் இனிக்க இனிக்கப் பேசுகிற ஆள் இல்லை. மலையேற்றக் கம்பெனி வேலையிலிருந்து நின்ற பிறகும் வருஷா வருஷம் ஐப்பசி பிறந்தால் என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களை இந்த மலையில் ஏற்றி இறக்கச் சொல்கிறார்கள். என் கத்தலுக்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். நீங்கள் வெறுங்கையோடு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தீர்கள். எதிரே நமக்குச் சமைத்துப் போடுகிற ராணி தலையில் டீ கேனோடு இறங்கி வந்தாள். பாதை குறுகல். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. ராணியைப் பார்த்ததும் நீங்கள் அத்தனை பேரும், ஒருவர்கூட மிச்சமில்லாமல், சரிவுப் பக்கம் ஒதுங்கி நின்றீர்கள். மரியாதையாகத்தான் ஒதுங்கினீர்கள். அதைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் பதறியது, அந்தப் பதற்றம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

ஏன் அந்தப் பக்கம் ஒதுங்கினீர்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நானும் உங்களைப்போல மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிய ஆள்தான்.

நம் வரப்பில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் என்ன செய்வோம்? தலையில் உப்புக் கூடை இருப்பவர் நிற்க மாட்டார். வெறுங்கையாக வருகிறவர்தான் இறங்கி வழிவிட வேண்டும். எந்தப் பக்கம் இறங்குவது? பாத்திப் பக்கம் இறங்கினால் விளைந்து கிடக்கும் உப்பில் சேற்றுக்கால் பட்டுவிடும். மேஸ்திரி தூரத்திலிருந்தே நம் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். அதனால் மறுபக்கம், வாய்க்கால் பக்கம் இறங்குவோம். அங்கே என்ன இருக்கிறது? முழங்கால் அளவு உப்புத் தண்ணீர். கால் நனையும், அவ்வளவுதான். நடக்கப் பழகிய நாள் முதல் இதைச் செய்து செய்து, சுமையோடு ஓர் ஆள் எதிரே வந்தால் போதும், நம்மைக் கேட்காமலே நம் கால் வெளிப்பக்கம் போய்விடும்.

அளத்தில் வெளிப்பக்கம் என்றால் வாய்க்கால். மலையில் வெளிப்பக்கம் என்றால் பள்ளம். இந்த ஒரு வித்தியாசத்துக்காக ஒரு மனிதர் என்ன விலை கொடுத்தார் என்பதைத்தான் எழுதப்போகிறேன். காலையில் கத்தியதற்கு இதுவே விளக்கம். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐப்பசி மழை விழுந்ததும் அளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். தை வரை நமக்கு வேலை கிடையாது. அதே நேரத்தில்தான் சென்னைக்காரர்களுக்கும் பாண்டிச்சேரிக்காரர்களுக்கும் மலை ஆசை வருகிறது. மழை ஓய்ந்து குளிர் இறங்கும் அந்தக் கொஞ்ச நாளில் மலை பச்சையாக இருக்கும், பனி மூட்டம் இருக்கும், போட்டோவில் எல்லாரும் அழகாக விழுவார்கள். அவர்களைக் கூட்டிப் போகும் கம்பெனிக்கு ஆள் தேவை, நமக்குப் பிழைப்பு தேவை. கடல் மட்டத்தைத் தவிர வேறு உயரம் அறியாத நாம் இப்படித்தான் மலையேறப் போனோம்.

நான் முதலில் சமைக்கத்தான் போனேன். பெண்கள் அதிகம் வர ஆரம்பித்ததும், கூட நடக்க ஒரு பெண் ஆள் வேண்டும் என்றார்கள். கரண்டியை ராணி கையில் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினேன். முன்னால் போகிறவர் லீடர். நான் கடைசி ஆள். லீடருக்கு எல்லாரும் கை கொடுப்பார்கள், சேர்ந்து நின்று செல்ஃபி எடுப்பார்கள். கடைசி ஆளுக்கு முதுகுகள்தான் தெரியும். ஆனால் முதுகை லேசாக நினைக்காதீர்கள். ஒரு முதுகைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன்: இவருக்கு ஷூ கடிக்கிறது, இந்தப் பெண் காலையில் சாப்பிடவில்லை, இந்தப் புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸிலேயே சண்டை போட்டாயிற்று.

கடைசி ஆளின் முக்கியமான வேலை கீழே இறங்கிய பிறகுதான் வரும். பஸ் படியில் கால் வைக்கும் முன் டிரைவரைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ‘எனக்குப் பின்னால யாரும் இல்ல.’ அதைச் சொன்ன பிறகுதான் வண்டி நகர வேண்டும் என்பது கம்பெனி வைத்த விதி. முதல் தடவை அதைச் சொல்லிவிட்டு நான் படியேறியபோது டிரைவர் கேட்டார்.

“திரும்பிப் பாத்துட்டு சொன்னியாம்மா, இல்ல சொல்லணுமேன்னு சொன்னியா?”

பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இறங்கிப்போய், பாதையை நன்றாகப் பார்த்துவிட்டு வந்து, அவர் காதருகே கத்திச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு கியர் போட்டார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பாடம் அந்த ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் டீ-ஷர்ட்.

டீ-ஷர்ட் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் நமக்கு முதுகில் இங்கிலீஷ் எழுத்து போட்ட டீ-ஷர்ட் கொடுத்தார்கள். ஷூ கொடுக்கவில்லை. உப்புத் தண்ணீரில் வெடித்த கால், பாறைக்குப் பயப்படாது என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. போட்டோவில் மார்புதானே விழும், பாதம் விழாதே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கார்த்திகை மாதம், ஜவ்வாது மலை. மழை நின்ற புதிது. அந்தப் பருவத்தில் மலை எப்படி ஏமாற்றும் என்று தெரிந்துகொள்ளுங்கள். மழையில் வளர்ந்த புல், இடுப்பளவு நின்று, குளிர் வந்ததும் சாய ஆரம்பிக்கும். பாதையின் ஓரத்தில் முளைத்த புல் பள்ளத்துப் பக்கமாகப் படுத்துக்கொள்ளும். பார்த்தால் பாதை அகலமாகத் தெரியும். நிற்க இடம் இருப்பதுபோலவே இருக்கும். கால் வைத்தால் கீழே ஒன்றும் இருக்காது. கோடையில் வருகிறவனுக்குப் பள்ளம் கண்ணெதிரே தெரியும், தானே பயந்து ஒதுங்குவான். கார்த்திகையில் பள்ளத்தைப் புல் மூடி வைத்திருக்கும்.

அந்த முறை புதிதாக வந்தவர் ஏழுமலை. ராணியின் புருஷன். பேரில் ஏழு மலை இருக்கிறது, வாழ்க்கையில் ஒன்றுகூட ஏறியதில்லை என்று ராணியே கேலி செய்வாள். வர வேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட, கிளம்புகிற நேரத்தில் அவரை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பெருமுக்கல் பழக்கமெல்லாம் அப்போது கிடையாது. நேராக மலைதான்.

லீடர் பிரகாஷ். சென்னைப் பையன். மலையடிவாரத்தில், டிக்கெட் வாங்கி வந்தவர்களை வட்டமாக நிற்க வைத்து, எப்படி நடப்பது, எதிரே ஆள் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்றெல்லாம் அருமையாக, இங்கிலீஷில், கையைக் காலை ஆட்டி விளக்கினான். அப்போது ஏழுமலை எங்கே இருந்தார்? பஸ் கூரைமேல் நின்று அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார்.

நான் போய்க் கேட்டேன். “தம்பி, புது ஆளுகிட்ட நான் கொஞ்சம் பேசணும். ரெண்டு தடவ நடக்க வெச்சுப் பாக்கணும்.”

“டைம் இல்லக்கா. அவரு லோடு தூக்கற ஆளுதானே. நேரா நடந்தா போதும்.”

நேராக நடந்தால் போதுமாம்! எதிரே யாரும் வராத பாதை எந்த ஊரில் இருக்கிறது?

ராணி தன் பங்குக்கு அவரிடம் சொல்லியிருந்தாள், பாறைப் பக்கம்தான் ஒதுங்க வேண்டும் என்று. அவரும் சரி என்றிருக்கிறார். காது கேட்டுக்கொண்டது. கால் கேட்கவில்லை. சொல்லிக் கொடுப்பதற்கும் பழக்கி விடுவதற்கும் உள்ள தூரம் அதுதான். அதனால்தான் இன்று உங்களைச் சலிக்கச் சலிக்க ஏற்றி இறக்கினேன். முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

மேலே அகலமான பாறையில் மதியச் சாப்பாடு முடிந்தது. ராணியும் ஏழுமலையும் பாத்திரங்களோடு முதலில் இறங்கிவிட்டார்கள், கீழே டீ போட்டு வைக்க. பிறகு, டிக்கெட் வாங்கி வந்தவர்கள் சின்னச் சின்னக் கூட்டமாக இறங்கினார்கள். எல்லாருக்கும் பின்னால் நான். பாறையில் ஒரு சிவப்பு ஜாக்கெட் கிடந்தது. விட்டுப்போன பொருளை எடுத்து வருவதும் கடைசி ஆளின் வேலைதான். இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினேன். வெயில் இருக்கும்போதே பனி மூட்டம் ஏறி வந்துவிட்டது. முன்னால் போகிறவர்களின் பேச்சுச் சத்தம்தான் கேட்டது, ஆள் தெரியவில்லை. கூட்டத்தில் ஒருவர் ஸ்பீக்கரில் பாட்டு வைத்துக்கொண்டே நடந்தார். காட்டில் பாட்டு வேண்டாம் என்று காலையில் சொன்னதை அவரும் இங்கிலீஷிலேயே கேட்டவர்தான்.

நான் கீழே வந்து சேர்ந்ததும் ஒரு பெண் ஓடி வந்தாள். “ஐயோ ஆன்ட்டி, என் ஜாக்கெட்! நீங்களே எடுத்துட்டு வந்துட்டீங்களா? அந்த அண்ணா வேற போயிருக்காரே.”

“எந்த அண்ணா?”

டீ வடிகட்டிக்கொண்டிருந்த ராணி நிமிர்ந்தாள். “எங்க வீட்டுக்காரருதான்கா. ஜாக்கெட் எடுத்தாரச் சொல்லி லீடரு மேல அனுப்பிச்சாரு. உன் எதிர்லதானே வந்திருக்கணும்? பாக்கலையா?”

பார்க்கவில்லை. அது ஒரே பாதை. அவர் ஏறிப் போகிறார், நான் இறங்கி வருகிறேன். நடுவில் என்னைச் சந்திக்காமல் போக வழியே இல்லை.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். என் கையில் வாக்கி-டாக்கி இருந்தது. பிரகாஷ் கையிலும் இருந்தது. பட்டனை அழுத்தி ‘அக்கா, ஒரு ஜாக்கெட் கிடக்குதா பாருங்க’ என்று கேட்டிருந்தால் முடிந்தது. கேட்கவில்லை. கேட்பதைவிட ஓர் ஆளை அனுப்புவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. அண்டாவை அப்போதுதான் இறக்கி வைத்த ஆளை, வாயில் ஒரு மடக்கு டீ போகும் முன்னே, பனி ஏறும் மலைக்கு, ஒரு துணிக்காக அனுப்பினான்.

“பிரகாஷ், ஏழுமலை எங்க?” என்று கேட்டேன்.

“மேல போயிருப்பாருக்கா. எதாவது குறுக்கு வழியில ஏறியிருப்பாரு. ஜாக்கெட் இல்லன்னதும் தானா எறங்கி வந்துடுவாரு. நம்ம கவுண்ட் கரெக்டா இருக்குது, எல்லாரும் வந்துட்டாங்க.”

கவுண்ட் சரியாகத்தான் இருந்தது. ஏனென்றால் அந்தக் கவுண்ட்டில் ஏழுமலை கிடையாது. ராணி கிடையாது. நானும் கிடையாது. டிக்கெட் வாங்கி வந்தவர்களை மட்டும் எண்ணுவார்கள். சோறு பொங்குகிறவர்களும் சுமை தூக்குகிறவர்களும் எண்ணிக்கையில் வர மாட்டார்கள். ஒரு மனிதர் மலையில் காணாமல் போயிருக்கிறார், கணக்கு சரி என்கிறான்!

பிரகாஷ் மேனேஜருக்கு போன் போட்டான். போனை ஸ்பீக்கரில் வைத்தான், அதனால் எல்லாருமே கேட்டோம்.

“வந்தவங்கள மொதல்ல ஊர் சேருங்க. செக் போஸ்ட் மூடிட்டா நைட்டு பூரா மாட்டிப்பீங்க. அவரு நம்ம ஆளுதானே, பின்னால எதாவது ஜீப் புடிச்சு வந்துடுவாரு.”

நம்ம ஆளுதானே. அந்தச் சொல்லை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கேக் வெட்டும்போது, ஷூ கொடுக்கும்போது, தலை எண்ணும்போது நாம் நம்ம ஆள் இல்லை. விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றால் மட்டும் நாம் நம்ம ஆள்.

ராணியின் கையிலிருந்த வடிகட்டி கீழே விழுந்தது. அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள். பஸ் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிரகாஷ் என் பக்கம் திரும்பினான்.

“சொல்லுங்கக்கா. கெளம்பலாம்.”

“என்னா சொல்லணும்?”

“அதான்... பின்னால யாரும் இல்லன்னு.”

“சொல்ல மாட்டேன்.”

இப்போது சொல்லும்போது வீரமாக இருக்கிறது. அன்று அப்படி இல்லை. ஜன்னல் வழியாக அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன. யாரும் கெட்டவர்கள் இல்லை. களைத்தவர்கள், நனைந்தவர்கள். ஓர் அம்மா, மடியில் நடுங்கும் குழந்தையைக் காட்டி, “ஆன்ட்டி ப்ளீஸ், புள்ளைக்குக் குளிருது” என்றாள். அது நியாயம்தான். குழந்தை நிஜமாகவே நடுங்கியது. இதுதான் இந்த வேலையின் கஷ்டமான இடம். அநியாயம் எதிரே வந்து நின்றால் சண்டை போட்டுவிடலாம். ஒரு நியாயம் வந்து நின்று, இன்னொரு மனிதரை மறந்துவிடச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

நான் என் சால்வையை எடுத்து அந்தக் குழந்தையைப் போர்த்தினேன். ராணியின் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த டீயை எல்லாருக்கும் கொடுக்கச் சொன்னேன். பிறகு படியை அடைத்துக்கொண்டு நின்றேன்.

“அக்கா, இது என் ரெஸ்பான்சிபிலிட்டி. நான்தான் லீடர். நான் சொல்றேன், டிரைவர் வண்டிய எடுங்க” என்றான் பிரகாஷ். அவன் குரலே உடைந்திருந்தது. பிரகாஷ் கெட்டவன் இல்லை, பயந்தவன். மலையைவிட மேனேஜரைப் பார்த்துப் பயந்தான்.

டிரைவர், அன்று என்னைக் கேள்வி கேட்ட அதே டிரைவர், எஞ்சினை நிறுத்தினார். சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார்.

“அந்தம்மா இன்னும் சொல்லல சார்” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

சத்தம் நின்றதும் எனக்குப் புத்தி வேலை செய்தது. உடனே மலைமேல் தேடிக்கொண்டு ஓடக்கூடாது. முதலில் ஆட்களைக் கேட்க வேண்டும். பஸ்ஸுக்குள் ஏறி, ஏழுமலையை யார் யார் பார்த்தீர்கள் என்று கேட்டேன். முன்னால் இறங்கியவர்களில் பலர் பார்த்திருந்தார்கள். ‘ஒரு அண்ணா ஏறி வந்தாரு, ஒதுங்கி வழி விட்டாரு, தேங்க்ஸ் சொன்னோம்.’ ஸ்பீக்கர்காரரும் அதையே சொன்னார். அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பெண்களைக் கேட்டேன். அவர்கள் யாரையும் பார்க்கவில்லை.

ஸ்பீக்கர்காரரிடம் போய் நின்றேன். “நீங்க அவர எங்க பாத்தீங்க?”

“ஒரு மரம் சாஞ்சு கெடந்துச்சே, அதத் தாண்டி. ரொம்ப நேரோவா இருக்கும். ‘பையோட வர்றீங்க, நீங்க போங்க சார்’னு சொல்லிட்டு நின்னாரு.”

“எந்தப் பக்கம் நின்னாரு?”

அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. கொஞ்சம் யோசித்து, இறங்கி வந்த ஞாபகத்தில் இடது கையை நீட்டினார்.

அந்தப் பாதையில் இறங்கும்போது பாறை வலப்பக்கம். நீட்டிய கை பள்ளத்துப் பக்கம். முதுகில் பையோடு வந்தவர்கள் ஏழுமலையின் கண்ணுக்குச் சுமை சுமக்கிறவர்கள். அவர் வெறுங்கை. அளத்து வரப்பில் நிற்பதுபோல வாய்க்கால் பக்கம் இறங்கி நின்றிருக்கிறார், ஒவ்வொரு கூட்டத்துக்கும். கடைசியாக நின்ற இடத்தில் வாய்க்கால் இல்லை, புல் மட்டும்தான் இருந்தது.

நான் சொல்லும் முன்பே ராணிக்குப் புரிந்துவிட்டது. அவளும் அந்த வரப்பில் நடந்தவள்தானே. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். நான் பின்னால் போனேன். டிரைவர் பஸ் கூரையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார். ஸ்பீக்கர்காரரும் இறங்கி வந்தார், யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன், பிரகாஷும் வந்துகொண்டிருந்தான்.

சாய்ந்த மரத்தைத் தாண்டியதும் ராணியை நிறுத்தினேன். பனியில் எதுவும் தெரியவில்லை. ராணி பாறையில் முதுகைச் சாய்த்து நின்று, அளத்தில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கூப்பிடுவோமே, அந்த நீட்டுக் குரலில் கூப்பிட்டாள். ‘ஓஓய்’ என்று ஒரே இழுப்பு. மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. இரண்டாம் முறை கூப்பிட்டாள். கீழேயிருந்து, நாங்கள் நினைத்ததைவிடப் பக்கத்தில், அதே மாதிரி ஒரு குரல் மெலிசாக வந்தது.

ராணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு வாயைத் திறந்தாள் பாருங்கள்.

“உனுக்கு எத்தினி வாட்டி சொன்னேன்! உள்பக்கம் நில்லு, உள்பக்கம் நில்லுன்னு! இது என்னா உங்கப்பன் அளமா, வாய்க்கால்ல எறங்கி நிக்கறதுக்கு? ஜாக்கெட்டு எடுக்கப் போறாராம் ஜாக்கெட்டு!”

கீழேயிருந்து பதில் வந்தது. “கத்தாதடி. காலு போச்சு.”

ஒரு புதரில் சிக்கிக் கிடந்தார். புதர் இல்லையென்றால் அவர் இன்று இல்லை. எப்படி இறங்கினோம், எப்படித் தூக்கினோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தனியாகச் சொல்லித் தருவார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான். பாதையில் அவரைக் கிடத்தியதும் ஸ்பீக்கர்காரர் குனிந்து, “அண்ணா, கத்தியிருக்கலாமே, நாங்க பக்கத்துலதானே இருந்தோம்” என்றார்.

“கூப்ட்டேன் சார். பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு” என்றார் ஏழுமலை. குற்றம் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். இறங்கும்போது, கயிற்றால் கட்டிய தூளியின் முன்பக்கத்தை ஸ்பீக்கர்காரர்தான் பிடித்தார், கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

இருட்டும் முன் பஸ்ஸுக்குக் கொண்டுவந்தோம். பின் சீட்டில் படுக்க வைத்து, அந்தச் சிவப்பு ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்தோம். அதற்குப் பிறகு நான் படியில் நின்று, பாதையைத் திரும்பிப் பார்த்து, வாக்கியத்தைச் சொன்னேன். டிரைவர் சாவியை எடுத்தார். செக் போஸ்ட்டில் விஷயத்தைச் சொன்னதும் திறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் அந்தப் பெரிய பிரச்சினை.

என் கோபம் அதோடு முடிந்திருக்கும். முடிய விடவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில், ஏழுமலைக்கு இடுப்பில் ஆபரேஷன் என்று ராணி அழுதுகொண்டிருக்கும்போது, கம்பெனி குரூப்பில் ஒரு மெசேஜ் வந்தது. இனிமையான பயணம், அனைவரும் பத்திரமாகத் திரும்பினர், மலை படம், பூ படம். அனைவரும்! அந்த வார்த்தையை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நேராக ஆபீஸுக்குப் போனேன். மேனேஜர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

“வருத்தமாதான் இருக்குது. ஆனா பாருங்கம்மா, இது அவரோட கவனக்குறைவு. ஒரு பாதையில எப்படி ஒதுங்கறதுன்னுகூடத் தெரியாதா?”

“தெரியும் சார். அவருக்கு ஒதுங்கத் தெரிஞ்சதாலதான் விழுந்தாரு. உங்க ஆளுங்களுக்கு ஒதுங்காம அவரு வழி மறிச்சு நின்னிருந்தா இன்னிக்கு நல்லா இருந்திருப்பாரு.”

அவர் சமாதானமாக ஏதோ ஆரம்பித்தார். பூங்கொத்து அனுப்புவதாகச் சொன்னார் என்று நினைக்கிறேன். நான் மூன்று விஷயம் கேட்டேன். எண்ணும்போது முதலில் வேலைக்காரர்களை எண்ண வேண்டும், பிறகுதான் வந்தவர்களை. புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் மலைக்கு அனுப்பும் முன் பெருமுக்கல்லில் நடக்க வைத்துக் காலைப் பழக்க வேண்டும். ஏழுமலைக்கு நடக்க முடிந்த பிறகு அவருக்கு வேலை வேண்டும். பார்க்கலாம் என்றார். எனக்கு அந்தப் ‘பார்க்கலாம்’ நன்றாகத் தெரியும். அடுத்த சனிக்கிழமை விடிகாலையில் மரக்காணம் ரோட்டில் பஸ் வந்து நின்றது. அளத்து ஆட்கள் எல்லாரும் வரிசையாக நின்றோம். ராணியின் அண்டாகூடத் தயாராக இருந்தது. ஒருவரும் ஏறவில்லை. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே டிக்கெட் வாங்கியவர்கள் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் போனிலேயே ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது விஷயத்துக்குத்தான் ரொம்ப இழுத்தார். “அவரால மலை ஏற முடியாதே, அவருக்கு என்னா வேலை குடுக்கறது?”

“பஸ் வாசல்ல நிக்கட்டும்.”

“அங்க நிக்க இங்கிலீஷ் தெரியணுமேம்மா.”

“எண்ணறதுக்கு என்னா சார் இங்கிலீஷ்?”

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் முதல் தடவை மலையிலிருந்து இறங்கி வரும்போது, பஸ் வாசலில் இடது காலை இழுத்து இழுத்து நடக்கிற ஒருவரைப் பார்ப்பீர்கள். பேச்சு கம்மி. இப்போதும் யாராவது மூட்டையோடு வந்தால் அவசரமாக நகர்ந்து வழிவிடுவார், அதை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. ராணி இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

உங்களில் யார் கடைசி ஆளோ, அவர் முன்னால் வந்து நின்று ஏழுமலை கேட்பார். “நம்ம ஆளுங்க எல்லாம் வந்தாச்சா?” அதுதான் முதல் கேள்வி. அப்போது உங்களுக்குக் கால் வலிக்கும். ஜன்னலில் முகங்கள் தெரியும். ஒரு குழந்தை நிஜமாகவே குளிரில் நடுங்கும். லீடர் மணியைப் பார்ப்பான். வந்தாச்சு என்று சொல்லிவிட்டால் எல்லாரும் உங்களை நல்லவர் என்பார்கள்.

ஒரு தலை சந்தேகமாக இருந்தாலும் சொல்லாதீர்கள். திட்டட்டும். செக் போஸ்ட் மூடட்டும். ஏழுமலை உங்களை அவசரப்படுத்த மாட்டார். நீங்கள் திரும்பிப் பார்த்துவிட்டு வரும்வரை, ஒரு கையால் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலில் பாரத்தை வைத்து, அங்கேயே நிற்பார்.